இரண்டு மவுஸ், ஒரு மேல்முறையீடு

அப்பா இறந்து ஐந்தாவது வாரம், எதிர் ஃப்ளாட்டிலிருந்து ஒரு மேல்முறையீட்டு மனு வந்தது.

மூன்று பிரதிகள். ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று கோப்புக்கு. எந்தக் கோப்பு என்று நான் கேட்கவில்லை. அனுப்பியவர் முப்பத்தெட்டு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். கோப்பு இல்லாத காகிதம் ஒன்று உலகத்தில் இருக்க முடியும் என்பதையே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அப்பா அவரை ‘கோர்ட்’ என்றுதான் கூப்பிடுவார். அவர் அப்பாவை ‘லிஃப்ட்’ என்பார். நான் மாமா என்பேன்.

மனுவின் சாரம் இது. அப்பாவோடு ஆடிய கடைசி செஸ் ஆட்டத்தில் தான் தோற்றது செல்லாது என்று அறிவிக்க வேண்டும். ஆட்டம் நடந்த கணினி நிரலில் எதிராளிக்குச் சாதகமாக, ஒப்பந்தத்துக்குப் புறம்பான ஒரு சலுகை ஒளித்து வைக்கப்பட்டிருப்பதாக மனுதாரர் சந்தேகிக்கிறார். நிரலை எழுதியவர் எதிராளியின் மகள்.

அந்த மகள் நான்தான்.

அம்மா தன் பிரதியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். “ஏன்டி, போய்ச் சேர்ந்த மனுஷன் மேல கேஸ் போடறாரா?”

“கேஸ் இல்லம்மா, அப்பீல்.”

“எதுவோ ஒண்ணு. உங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் பதிலுக்கு ஒண்ணு எழுதியிருப்பார்.”

எழுதியிருப்பார். ஆனால் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. மனுவில் இருந்தது உண்மை. சலுகை இருந்தது. வைத்தது நான். அப்பாவுக்குத் தெரியாமல் வைத்தேன். தன் வாழ்நாளின் கடைசி மூன்று வருடங்களில் அப்பா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: சலுகை எதுவும் இல்லாமல் கோர்ட்டோடு ஆட வேண்டும். அதை நான் கெடுத்துவிட்டேன் என்று அந்த ஐந்து வாரமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கு மூன்று பிரதிகள் வேறு.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தொரு வருடம் மற்றவர்களை மேலே ஏற்றி இறக்கினார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வீடு மூன்றாவது மாடி, படிகள் எழுபத்திரண்டு. “பகல் பூரா அதோட மல்லுக்கட்டறேன். வீட்டுக்கு வந்தும் அது மூஞ்சில முழிக்கணுமா?” என்பார். மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார்.

லிஃப்ட் குழிக்குள் ஒரு வயரை மாற்றிக் கழற்றினால் ஆள் போய்விடும். அதனால் எந்த வயரைக் கண்டாலும் ஒரு சின்னக் காகிதக் கொடி சுற்றி ஒட்டுவது அவர் பழக்கம். பெயர், எங்கே செருக வேண்டும், ஒட்டிய தேதி. வீட்டில் ஃப்ரிட்ஜ், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, அழைப்பு மணி எல்லாவற்றுக்கும் கொடி உண்டு. அம்மாவின் மூக்குக் கண்ணாடிக் கயிற்றுக்கும் ஒன்று ஒட்டினார். அது வயர் இல்லை என்று சொல்லிவிட்டு அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

லிஃப்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. “ஒரு தடவை அமுக்கினா விளக்கு எரியுதில்ல? அப்புறம் எதுக்கு டக்டக்குன்னு நாப்பது தடவை? கடன்காரன் கதவைத் தட்டற மாதிரி.”

மாலை ஐந்து மணிக்குக் கோர்ட் தன் குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டு நாற்காலி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. முப்பது வருடம், தினமும் ஒரு ஆட்டம். அப்பா முன்பின் யோசிக்காமல் பாய்ந்து ஆடுவார். கோர்ட் விதிப்படி ஆடுவார். அவருக்கு உயிரான விதி, தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது. ஒரு முறை அப்பா ராஜாவின் தலையில் இருந்த எறும்பைத் தட்டிவிட்டார்.

“ராஜாவைத் தொட்டாச்சு. நகர்த்து.”

“எறும்பைத் தொட்டேன்யா!”

“எறும்பு எங்க இருந்துச்சு?”

“ராஜா மேல.”

“அப்ப முடிஞ்சுபோச்சு.”

இந்த வழக்கு ஒரு வாரம் நடந்தது. அப்பா தோற்றார்.

அறுபத்தெட்டு வயதில் அப்பாவின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் அதற்கு ஒரு பெயரும் மூன்று வேளை மாத்திரையும் கொடுத்தார். அப்பா பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. “மோட்டார் நல்லாத்தான் இருக்கு. மாட்டியிருக்கிற போல்ட்டு லூஸ் ஆயிடுச்சு,” என்றார். குதிரையை எடுக்கப் போன கை பிஷப்பில் இடிக்கும். வழியில் நிற்கும் இரண்டு சிப்பாய்கள் மேசைக்கு அடியில் போய்விடும்.

ஒரு வாரம் கோர்ட் எதுவும் சொல்லவில்லை. காய் விழும்போதெல்லாம் தலையை நிமிர்த்திக்கொண்டார். எட்டாவது நாள் அப்பா ஆட்டத்தை நிறுத்தினார்.

“என்னய்யா, பிஷப்பைத் தொட்டேன். பாத்தியா இல்லியா?”

“கவனிக்கல.”

“எறும்பைக் கவனிச்சவனுக்கு பிஷப் தெரியலையா?”

“ஃபேனைப் பாத்துட்டிருந்தேன்.”

“ஃபேன் என்ன, செக் வச்சிருக்கா?”

அப்பா காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார். அதற்கே ஐந்து நிமிடம் ஆனது. “எனக்குப் பாவம் பாக்கற ஆளோட நான் ஆடறதில்ல,” என்றார்.

பதினோரு வாரம் ஆட்டம் இல்லை. அம்மா எனக்குப் போன் செய்தாள். “நீ வந்து ஏதாவது பண்ணுடி. அஞ்சு மணி ஆனா ரெண்டு வீட்டுக் கதவும் திறக்குது, மூடுது. திறக்குது, மூடுது. எனக்குத் தலை வலிக்குது.”

நான் கடைகளில் பில் போடும் கணினிகளுக்கு நிரல் எழுதுகிறவள். ஞாயிற்றுக்கிழமை போனேன். அப்பா ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருந்தார். “ஏம்மா, கம்ப்யூட்டர்ல ஒரு விண்டோ போட்டுக் குடு. அதுல ஒரு செஸ் போர்டு. கை பட்டுக் காய் கீழ விழக் கூடாது. அவ்வளவுதான்.”

“அதெல்லாம் ரெடிமேடா நிறைய இருக்குப்பா.”

“அது ஊருக்காகச் செஞ்சது. எனக்கு கோர்ட்டுக்காகச் செஞ்சது வேணும்.”

அலுவலகத்திலிருந்து ஒரு பழைய மேசைக் கணினியைக் கொண்டுவந்தேன். வேலையில் எல்லாம் பாதி தயாராகவே இருக்கும். அடியிலிருந்து கையால் எழுதி வெகுநாள் ஆகியிருந்தது. முதல் நிரலை ஓட்டினேன். அப்பாவும் அம்மாவும் திரைக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னமோ வெள்ளையா மின்னிச்சுடி,” என்றாள் அம்மா.

திரும்ப ஓட்டினேன். திரும்ப மின்னியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா அசையாமல் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கதவு திறந்த உடனே மூடிக்குது. ஆள் எப்ப ஏறுவான்? நிக்கச் சொல்லு.”

விண்டோ என்கிற சாளரத்தை உருவாக்குவது ஒரே வரி. அந்த வரி முடிந்ததும் நிரலும் முடிந்துவிட்டால், சாளரமும் கூடவே போய்விடும். உருவாக்கிய பிறகு நிரல் ஒரு வட்டத்துக்குள் நின்று காத்திருக்க வேண்டும். மவுஸ் நகர்ந்தது, பட்டன் அமுங்கியது, பட்டன் விடப்பட்டது, யாரோ சாளரத்தை மூடச் சொல்கிறார்கள். இப்படி ஒவ்வொரு நிகழ்வும் வரிசையில் வரும். ஒன்றை எடுத்து, அதற்கு வேண்டியதைச் செய்துவிட்டு, அடுத்ததற்காக மறுபடி நிற்க வேண்டும். அந்த வட்டத்தை எழுத மறந்திருந்தேன். இதை அப்பாவுக்கு விளக்க ஆரம்பித்தேன்.

“இதை எனக்கே சொல்றியா?” என்றார். “லிஃப்ட்டோட வேலையில முக்கால்வாசி சும்மா நிக்கறதுதான். எவனாவது அமுக்கினா போகணும். அமுக்கலையா, நிக்கணும். நிக்கறதும் வேலைதான்.”

அடுத்த ஞாயிறு சாளரம் நின்றது. பலகை வந்தது. காயை மவுஸ் பட்டனால் அமுக்கிப் பிடித்து, இழுத்துக்கொண்டுபோய், சேர வேண்டிய கட்டத்தில் விட வேண்டும். அம்மாவைச் சோதிக்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் இரண்டு ராஜாக்களையும் ஒரே கட்டத்தில் வைத்துவிட்டாள். “இப்பிடி ஒண்ணா நின்னுட்டா சண்டையே இல்லையே,” என்றாள். விதிகளையும் எழுத வேண்டியிருந்தது.

மூன்றாவது ஞாயிறு எதிர்க் கதவைத் தட்டினேன். கோர்ட் குஷனோடு தயாராக இருந்தார். திரையை நெடுநேரம் பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டார்: “இதுல தொடறதுன்னா எது?”

நல்ல கேள்வி. காயின் மேல் அம்புக்குறி போவது ஒரு நிகழ்வு. பட்டனை அமுக்குவது இன்னொன்று. விடுவது மூன்றாவது. நிரலுக்கு மூன்றும் வேறுவேறு.

“விடறதுதான் கணக்கு,” என்றார் அப்பா.

“அமுக்கினாலே தொட்டாச்சு,” என்றார் கோர்ட்.

“மேல போனாலே தொட்டாச்சுன்னு சொல்லேன்யா, அம்புக்குறி மேல எறும்பு உக்காந்திருக்கும்!”

பதினோரு வாரத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. அம்மா சமையலறையில் எதையோ உருட்டினாள்.

இரண்டு மாலைகள் வாதாடி, கோர்ட் ஓர் ஒப்பந்தம் தட்டச்சு செய்தார். பன்னிரண்டு ஷரத்துகள். ‘ஷரத்து 2: அம்புக்குறி காயின் மேல் செல்லுதல் தொடுதல் ஆகாது. ஷரத்து 3: பட்டனை அமுக்குதல் தொடுதலே ஆகும், அமுக்கிய காய் சிவப்பாக மாறும், அதன்பின் வேறு காயை நகர்த்த இயலாது.’ நான்காவது ஷரத்து அப்பா சொல்லி எழுதியது: ‘எவருடைய உடல்நிலையை முன்னிட்டும் எந்தச் சலுகையும் அளிக்கப்பட மாட்டாது.’ ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நேர வரம்பு வேண்டும் என்று கோர்ட் கேட்டார். அதை மட்டும் அப்பா கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

இரண்டு பேருக்கும் தனித்தனி மவுஸ் வேண்டும் என்றார்கள். செருகினேன். திரையில் அம்புக்குறி ஒன்றுதான். கணினி இரண்டு மவுஸையும் ஒன்றாகக் கலந்து ஒரே அம்புக்குறியை நகர்த்தியது. அப்பா யோசிக்கும்போது கோர்ட்டின் முழங்கை பட்டு அது ஓடியது.

“கையை எடுய்யா!”

“நான் தொடவே இல்ல. உன் கைதான் ஆடுது.”

“என் கை ஆடினா இப்பிடி ஆடும். இது தப்பிச்சு ஓடற மாதிரி ஓடுது, உன்னைப் போல.”

எந்த மவுஸிலிருந்து வந்தது என்று சாதாரண நிகழ்வில் இருக்காது. இன்னும் ஒரு படி கீழே இறங்கி, கலப்பதற்கு முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். அதைச் செய்ததும் ஆளுக்கொரு அம்புக்குறி வந்தது. இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி மவுஸ்கள். நெற்றியில் எண் எதுவும் கிடையாது. எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் நிரலால் பிரித்தறிய முடியும். கணினியின் முகப்பில் இரண்டு துளைகள். மேல் துளை அப்பாவுக்கு, கீழ்த் துளை கோர்ட்டுக்கு. ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக் காய் யாருக்கோ அவர் வெள்ளை ராஜாவை ஒரு முறை அமுக்குவார். எந்தத் துளையிலிருந்து அது வருகிறதோ அதற்கு வெள்ளை. அப்பா இரண்டு வயர்களுக்கும் கொடி ஒட்டினார். ‘லிஃப்ட் – மேல்.’ ‘கோர்ட் – கீழ்.’ தேதி.

ஒன்பதாவது ஷரத்து பின்னால் சேர்த்தது. தோற்கும் நிலை வந்தால் கோர்ட்டின் அம்புக்குறி மூலையிலிருக்கும் மூடு குறிக்குப் போய்விடும். சாளரம் மூடிக்கொள்ளும். “கை பட்டுருச்சு,” என்பார். அந்தக் குறியை அமுக்கினால் சாளரம் தானாக மூடுவதில்லை. மூடச் சொல்லி நிரலுக்கு ஒரு கோரிக்கை வருகிறது, அவ்வளவுதான். மூடுவதும் மூடாததும் நிரலின் இஷ்டம். ஆகவே ஷரத்து 9: இரண்டு மவுஸிலிருந்தும் சம்மதம் வந்தால் ஒழிய சாளரம் மூடாது. கோர்ட் அதைத் தானே தட்டச்சு செய்தார். எழுத்துகள் காகிதத்தில் வழக்கத்தைவிட ஆழமாகப் பதிந்திருந்தன.

ஒப்பந்தப்படி நடந்த முதல் ஆட்டம். ஏழாவது நகர்த்தல். அப்பா யானையை எடுக்கப் போனார். போகிற வழியில் விரல் துள்ளி, பட்டன் ஒரு கணம் அமுங்கியது. ராணி சிவந்தது.

அப்பா திரையைப் பார்த்தார். “தொட்டேன். நகர்த்தறேன்,” என்றார். ராணி போய், ஒன்பது நகர்த்தலில் ஆட்டமும் போனது. கோர்ட் ஒப்பந்தத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சந்தோஷப்படாமல் வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் நான் எட்டு வரிகள் சேர்த்தேன். மேல் துளையிலிருந்து வரும் அமுக்கல், நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் விடப்பட்டால் அது அமுக்கலே அல்ல. நிரல் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. அவ்வளவுதான். மேல் துளைக்கு மட்டும். எது தள்ளப்பட்டது என்று எனக்குத் தெரிவதற்காக, வருகிற நிகழ்வு ஒவ்வொன்றையும் ஒரு பதிவில் எழுதவும் வைத்தேன்.

ராணிகள் சிவப்பது நின்றது. ஒரு மாதம் கழித்து அப்பா கேட்டார்: “ஏம்மா, ப்ரோக்ராம்ல எதையாவது மாத்தினியா?”

“எழுத்துப் பிழை இருந்துச்சுப்பா. திருத்தினேன்.”

லிஃப்ட் பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லும் கட்டட முதலாளிகளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

இரண்டு வருடம் போனது. ஒரு ஞாயிறு நான் இருக்கும்போது கோர்ட் ஒரு யானையைத் தூக்கிச் சிப்பாயின் வாயில் கொடுத்தார். எனக்கே தெரிந்த அளவுக்கு மோசமான நகர்த்தல்.

“என்ன மாமா இது?”

“தியாகம்,” என்றார் கோர்ட் விறைப்பாக. “உனக்குப் புரியாது.”

அப்பா கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு அது ஒன்றும் தோன்றவில்லை.

இந்த வருடம் ஒரு ஞாயிறு மாலை அப்பா கடைசி ஆட்டத்தை ஜெயித்தார். வெள்ளைக் காய், முப்பத்துநான்கு நகர்த்தல். அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோர்ட் எழுவதற்குள் அடுத்த ஆட்டத்தைத் திறந்து, வெள்ளையையே மறுபடி எடுத்துக்கொண்டு, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். “நாளைக்கு வந்து பதில் சொல்லு,” என்றார். திங்கட்கிழமை காலையில் மார்பு வலி. எழுபத்திரண்டு படியும் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். “இதுக்குத்தான் லிஃப்ட் வேணும்கிறது,” என்றார். ஒன்பது நாள் மருத்துவமனை. பிறகு இல்லை.

மனு வந்த அன்று மாலை ஐந்து மணிக்குக் கோர்ட் குஷனோடு வந்தார். கணினி ஆறு வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சிப்பாய் இரண்டு கட்டம் முன்னால் நின்றது. அணைக்கட்டுமா என்று அம்மா ஒரு முறை கேட்டாள். ஷரத்து 9 என்றேன். “கரெண்ட் பில்லுக்கு ஏதும் ஷரத்து போட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு அவளே திரையின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டாள்.

கோர்ட் தொண்டையைச் செருமினார். “முப்பத்தெட்டு வருஷம் சத்தத்தை எண்ணிப் பழகின காதும்மா இது. கொஞ்ச நாளாவே கவனிக்கிறேன். மேஜையில விழற டக் எத்தனை, போர்டுல நடக்கற நகர்த்தல் எத்தனை, ரெண்டும் ஒத்துப் போகல. டக் ஜாஸ்தி. கடைசி ஆட்டத்துல ரொம்ப ஜாஸ்தி. எதையோ உன் ப்ரோக்ராம் முழுங்குது.”

“முழுங்குது மாமா. நான்தான் வச்சேன்.” எட்டு வரிகளையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாட்சிக் கையெழுத்துப் போட்டவ நீ.”

“ஆமா.”

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா உன்னை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டான்.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “பதிவு இருக்கில்ல? எண்ணிக் காட்டு.”

துணியை எடுத்துவிட்டுப் பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி: நேரம், துளை, என்ன, எங்கே. தொடக்கத்தில் ராஜாவை அமுக்கியதை விட்டுவிட்டு, கடைசி ஆட்டத்தை எண்ணினேன். மேல் துளை: அறுபத்தொரு அமுக்கல்கள், அதில் தள்ளப்பட்டவை இருபத்தெட்டு, நடந்தது முப்பத்துமூன்று நகர்த்தல்.

“இருபத்தெட்டு!” என்றார் கோர்ட். “பாத்தியா, என் காதை!”

“இருங்க மாமா. அப்பா முப்பத்துநாலு இல்ல நகர்த்தினார்?”

கீழ்த் துளையை எண்ணினேன். முப்பத்துநான்கு அமுக்கல்கள். முப்பத்துநான்கு நகர்த்தல்கள். ஒன்றுகூட வீணில்லை. வெள்ளைக் காய்கள் எல்லாம் கீழ்த் துளையிலிருந்து நகர்ந்திருந்தன.

நான் குனிந்து கணினியின் முகப்பைப் பார்த்தேன். மேல் துளையில் இருந்த வயரில் புதுக் கொடி. ‘கோர்ட் – மேல்.’ கீழே ‘லிஃப்ட் – கீழ்.’ அப்பாவின் கையெழுத்து. எழுத்துகள் அலைஅலையாக இருந்தன. தேதி போன வருடத்தது.

“அம்மா, தூசி தட்டறப்ப இதைக் கழட்டினியா?”

“அவர் கொடி ஒட்டினதைத் தொடறதா? எனக்கென்ன தலையெழுத்தா?”

அந்தத் தேதிக்குப் பதிவில் போனேன். அன்று காலை பதினொரு மணிக்கு, ஆட்டம் எதுவும் நடக்காத நேரத்தில், மேல் துளையிலிருந்து ஒரே சிப்பாயின் மேல் நாற்பது அமுக்கல்கள். டக்டக்கென்று. நாற்பதும் தள்ளப்பட்டிருந்தன. இரண்டு நிமிடம் கழித்து, கீழ்த் துளையிலிருந்து அதே சிப்பாயின் மேல் நாற்பது அமுக்கல்கள். நாற்பதும் ஏற்கப்பட்டிருந்தன. ஏழு நிமிடம் எந்த நிகழ்வும் இல்லை. கொடி ஒட்ட அவ்வளவு நேரம் ஆகியிருக்கும். அதன் பிறகு எல்லாம் இடம் மாறியிருந்தது.

அதற்கு முந்தைய நாள் ஞாயிறு. அன்றைய ஆட்டத்தில் கருப்பு யானை ஒன்று, நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அமுக்கலில் மாட்டி, சிப்பாயின் வாயில் போயிருந்தது.

“தியாகம்,” என்று நான் படித்துக் காட்டினேன்.

கோர்ட்டின் வலது கை குஷனுக்கு அடியில் போனது.

“எப்பலேருந்து மாமா?”

“டைப் அடிச்ச விரல்மா,” என்றார். “ரிட்டையர் ஆன பிறகும் வேலை பாக்குது.”

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அப்ப இந்த இருபத்தெட்டும்…”

“உங்களோடது மாமா.”

“ஒரு வருஷமா சலுகை எனக்கா? சலுகையோட ஆடியுமா தோத்தேன்?” அவர் முகம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. “அவன் எப்பிடிம்மா அப்பிடி அமுக்கினான்? முப்பத்துநாலுக்கு முப்பத்துநாலு? டம்ளரைப் பிடிச்சாலே பாதி கீழ போகுமே!”

கீழ்த் துளையின் நகர்வுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு அமுக்கலுக்கும் முன்னால், அம்புக்குறி அந்தக் காயின் மேலேயே சுற்றிக்கொண்டு நின்றிருந்தது. நொடிக்கு ஐந்து முறை இடமும் வலமும். நாற்பது நொடி, ஐம்பது நொடி. ஒரு முறை நான்கு நிமிடம். பிறகு நடுக்கம் சின்னதாகி, சின்னதாகி, ஒரு கணம் கிட்டத்தட்ட நிற்கும். அந்தக் கணத்தில் அமுக்கியிருந்தார்.

“அவ்வளவு நேரம் யோசிக்கிறான்னு நினைச்சேன்,” என்றார் கோர்ட். “சீக்கிரம் ஆடுய்யான்னு திட்டுவேன்.”

“யோசிக்கல மாமா. கை நிக்கட்டும்னு காத்துட்டிருந்தார்.”

எதற்காக மாற்றினார் என்று பதிவில் இல்லை. காரணத்துக்கு அதில் இடம் கிடையாது. என் சலுகையை வேண்டாம் என்று தள்ளினாரா, கோர்ட்டுக்குக் கொடுத்தாரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கோர்ட் யோசிக்கவில்லை. “திருட்டுப் பய,” என்றார். மூக்கை உறிஞ்சினார். “நாலாவது ஷரத்தை எழுதச் சொன்னதே அவன். அவனே மீறியிருக்கான்.”

“அதுக்கும் ஒரு மனு போடுங்க,” என்றாள் அம்மா. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

கோர்ட் மூன்று பிரதிகளையும் வாங்கினார். பேனாவை எடுத்து ஒவ்வொன்றின் அடியிலும் ‘தள்ளுபடி’ என்று எழுதினார். அந்தக் கை என்ன பாடுபட்டது என்பதை இந்த முறை அவர் மறைக்கவில்லை. அப்பாவின் கொடியில் இருந்த அதே அலை.

பிறகு நாற்காலியைத் திரைக்கு முன் இழுத்து, குஷனைப் போட்டு உட்கார்ந்தார். சிப்பாய் இரண்டு கட்டம் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

“என் முறைதானே?”

“ஆமா மாமா.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டேன்: “அந்த எட்டு வரியை இப்ப எடுத்துடவா? ஒப்பந்தப்படி இருக்கக் கூடாது.”

கோர்ட் தலையை நிமிர்த்தி ஃபேனைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் எதையும் எடுக்கவில்லை.

டக். டக். கருப்புச் சிப்பாய் ஒன்று இரண்டு கட்டம் முன்னால் வந்து, வெள்ளைச் சிப்பாயின் முகத்துக்கு நேராக நின்றது.

அவர் எழுந்தார். குஷனைக் கக்கத்தில் இடுக்கினார். வாசல்வரை போய்த் திரும்பி, திரையைக் காட்டிச் சொன்னார்:

“நேர வரம்புன்னு ஷரத்து எதுவும் இல்ல. நிதானமா யோசிக்கச் சொல்லு.”